மாற்று மாமன்

சத்தியம்! இதோ, இந்தக் கேட்டைத் தொட்டுச் சொல்கிறேன். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யிருந்தாலும் நாளைக் காலையில் எனக்கு மலச்சிக்கல் வரட்டும்! என் வயதில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. ஏன் இவ்வளவு சத்தம் என்று பார்க்கிறீர்களா? மெதுவாகச் செய்தால் அது சத்தியம் இல்லை, வதந்தி.

உட்காருங்கள். சாவி எடுக்கப் போன புரோக்கர் இப்போதைக்கு வரமாட்டார், வழியில் டீக்கடை இருக்கிறது. நீங்கள் பார்க்க வந்திருக்கிற நாலாவது மாடி வீட்டில் பூவராகன் என்று ஒருவர் இருந்தார். நல்ல வீடு. காற்று வரும். அவர் ஏன் காலி செய்தார் என்று புரோக்கரைக் கேட்டால் 'டிரான்ஸ்ஃபர்' என்பார். எனக்கல்லவா தெரியும். நான் ரயில்வேயில் கார்டாக இருந்தவன். வண்டி முழுக்க நடப்பதைக் கடைசிப் பெட்டியிலிருந்தே பார்த்துப் பழகியவன். பார்ப்பதோடு சரி. எதிலும் தலையிட மாட்டேன்.

பூவராகனுக்கு ஸ்ரீமுஷ்ணம். அந்த ஊர்ப் பெருமாள் பெயராயிற்றே, கேட்டதுமே ஊரைச் சொல்லிவிட்டேன். வேலை சாஃப்ட்வேர். அமெரிக்காவில் யாருக்காவது பல் பிடுங்க வேண்டுமென்றால், இவர் கம்பெனி எழுதிய மென்பொருள் வழியாகத்தான் டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும். "சும்மா அப்பாயின்ட்மென்ட் சிஸ்டம் சார், சின்ன விஷயம்" என்பார் அடக்கமாக. சின்ன விஷயமா? ஒருமுறை இவர் காய்ச்சலில் படுத்தார், டெக்சாஸ் முழுக்கத் தாடை வீங்கிவிட்டது.

நீங்களும் அதே துறையா? நினைத்தேன். கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கிறது.

அவர் எப்போதும் ஒரு வார்த்தை சொல்வார், 'பேலன்ஸ்'. ஆபீஸையும் விடக்கூடாது, ஊருக்குச் செய்வதையும் விடக்கூடாது, வீட்டையும் விடக்கூடாது. ஒரு காதில் அமெரிக்கா பேசும். இன்னொரு காதில் யாராவது ஒரு குடித்தனக்காரர் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார். இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இட்லி சாப்பிடுவார். அவர் மனைவி சுகந்தி எதிரில் நின்று ஒருநாள் கேட்டார்:

"எனக்கு எந்தக் காதுங்க?"

"ஓகேம்மா, பாக்கறேன்" என்றார் பூவராகன்.

அவரிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான். 'முடியாது' என்று வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் 'ஓகே, பாக்கறேன்'.

இந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் செயலாளர் ஆன விதத்தைக் கேளுங்கள். பழைய செயலாளர் மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார். பொதுக்குழு கூடியது. யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டதும், அத்தனை பேரும் தரையில் எதையோ தொலைத்துவிட்டவர்கள்போலக் குனிந்துகொண்டார்கள். பூவராகன் கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். ஒரு கையில் லேப்டாப், மறு கையில் போன். ஆசை இருந்தாலும் கையைத் தூக்க முடியாத நிலைமை, பாவம். நான்தான் முழங்கைக்குக் கீழே பிடித்துத் தூக்கிவிட்டேன். ஒரு ஒத்தாசைதானே. எல்லாரும் கை தட்டினார்கள். அவர் நிமிர்ந்து, "என்ன சார்?" என்றார். "வாழ்த்துகள்" என்றேன். வேறு என்ன சொல்வார்? "ஓகே, பாக்கறேன் சார்."

செயலாளர் வேலையை அவர் ஆபீஸ் முறைப்படியே செய்தார். அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டாம். எந்த வேலையும் ஒரே ஆளை நம்பி நிற்கக் கூடாது. அந்த ஆள் நாளைக்கே லாரியில் அடிபட்டாலும் வேலை ஓட வேண்டும். அதனால் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு மாற்று ஆள். வேலை தெரிந்தவர் மாற்று ஆளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். அதற்குக் 'கேடி' என்று பெயராம். எனக்குக் கொஞ்சம் ஒருமாதிரி இருந்தது. ரயில்வேயில் கேடி என்றால் வேறு ஆட்கள்.

மோட்டார் போடுகிறவருக்கு மாற்று ஆள் வைத்தார். லிஃப்ட் பார்க்கிறவருக்கு வைத்தார். வாசல் பிள்ளையாருக்குப் பூஜை செய்கிற குருக்களுக்கும் வைத்தார். குருக்கள் கோபித்துக்கொள்வார் என்று நாங்கள் பயந்தால், அவர் மறுநாளே மாற்று ஆளை விட்டுவிட்டுத் திருப்பதி போய்விட்டார். தண்ணீர் லாரிக்கு மாற்று இன்னொரு லாரி. அந்த லாரிக்கு மாற்று மழை. அந்த வருஷம் மழையும் சொன்ன நாளில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. நம்பாவிட்டால் வாட்ச்மேனைக் கேளுங்கள்.

வெளியில் இவ்வளவு ஜோராக ஓடுகிற முறையை வீட்டுக்குள் மட்டும் ஏன் விட வேண்டும்? சுகந்தியோடு சாயங்காலம் நடக்கப் போக அவருக்கு நேரமில்லை. மாற்று ஆள் நான். எனக்கு முழங்கால் தகராறு வந்த நாளில் எனக்கு மாற்று, ஏ பிளாக்கில் இருக்கிற நாய். சுகந்தி அந்த நாயோடு நடந்துவிட்டு வந்து சொன்னார்:

"இருக்கறதுலயே இந்த மாத்து ஆள்தாங்க ஒழுங்கு. கூப்பிட்டா திரும்பிப் பாக்குது."

பூவராகன் திரும்பாமல், "ஓகேம்மா" என்றார்.

அது கிடக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

அவருக்கு ஒரே தங்கை, அம்புஜவல்லி. விருத்தாசலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை. அண்ணன்தான் எல்லாம். அந்த எல்லாமும் போனிலேயே நடந்தது. தங்கை வளைகாப்புக்கு அண்ணன் போனில் வந்தார். கிரகப்பிரவேசத்துக்குப் போனில் வந்தார். பெண் குழந்தை பிறந்தபோது தொட்டிலுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்தார்கள், மாமன் பார்க்கட்டும் என்று. மாமன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டெக்சாஸில் யாருக்கோ பல்வலி வந்துவிட்டது.

குழந்தைக்கு மகிழினி என்று பெயர். அவளுக்குக் காது குத்துவது தள்ளித் தள்ளிப் போயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மாமனுக்கு நேரம் வாய்க்கவில்லை. பெண் வளர்ந்து பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள். கம்மல் இல்லாத காதைப் பார்த்து டீச்சர் அவளைப் பையன்கள் வரிசையில் நிறுத்திவிட்டாராம். நானே நம்பவில்லை, ஆனால் கேள்விப்பட்டேன்.

ஒருநாள் அம்புஜவல்லி போன் செய்தார். நான் அப்போது சர்க்கரை கேட்டுப் பூவராகன் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி, ஆனாலும் போயிருந்தேன். ஸ்பீக்கரில் பேச்சு.

"அண்ணா, இவங்க வீட்டுப் பேச்சக் கேக்க முடியல. 'உங்க அண்ணன் மடியையும் போன்லயே அனுப்பிடுவாரா'ன்னு மாமியார் கேக்கறாங்க. குலதெய்வம் கோயில்ல நாள் வெச்சாச்சு. நீ வந்து உக்காரணும். வரலன்னா, எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இருந்தாருன்னு சொல்லிக்கறேன்."

"ஓகே அம்புஜம், பா..."

"பாக்கறேன்னு சொல்லாத."

"சொல்லல. வரேன்."

போனை வைத்ததும் நாட்காட்டியைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதே ஞாயிற்றுக்கிழமைதான் அமெரிக்காவின் பல்லெல்லாம் பழைய மென்பொருளிலிருந்து புது மென்பொருளுக்கு மாறுகிற நாள். அதே ஞாயிற்றுக்கிழமைதான் நம் செப்டிக் டேங்க் மோட்டாரைக் கழற்றி மாற்றுகிற நாள். மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"ஆபீஸ்ல முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றார் சுகந்தி.

"அதெப்படிம்மா?"

"வாயத் தொறந்து சொல்றதுதான்."

அதுதான் அவருக்கு வராதே. ஆனால் ஒன்று, அவர் தங்கையை ஏமாற்ற நினைக்கவில்லை. காலையில் வேலையைத் தொடங்கி வைத்துவிட்டுக் காரில் கோயிலுக்குப் போய்விடுவது என்றுதான் திட்டம். ஆனாலும் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே. வழியில் லாரி அடித்துவிட்டால்? முக்கியமான வேலை, ஒரே ஆளை நம்பி நிற்கலாமா?

அதனால் தாய்மாமனுக்கு ஒரு மாற்று ஆள் ஏற்பாடு செய்தார். நம் முன்னோர்களில் ஒருவருக்காவது இது தோன்றியதா சொல்லுங்கள்!

ஆள் யார் என்றால், அவர் ஆபீஸில் இருக்கிற மகாபாத்ரா. ஒரிசாக்காரர். கல்யாணமாகாதவர், கோயில் பார்ப்பதில் ஆசை. அகலமான மனிதர், மடியும் அகலம். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் ஆபீஸ் கேன்டீனில் கற்றது: 'சாப்பிட்டாச்சா', 'போதும்', 'கொஞ்சம் சாம்பார்'. ஒரு தாய்மாமனுக்கு அதற்கு மேல் என்ன தமிழ் வேண்டும்?

இதோ, இந்தச் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில்தான் கேடி நடந்தது. குழந்தைக்குப் பதில் ஓர் அரிசிப் பை. நான் எதிலும் தலையிடுகிறவன் இல்லை. ஆனால் சம்மணம் போடுவதையே தப்பாகப் போட்டால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

"முழங்கால கீழ எறக்குங்க. இப்ப பச்சப்புள்ள மலையுச்சியில உக்காந்த மாதிரி இருக்குது. இடது கையால இடுப்பப் பிடிங்க. வலது கையால தலைய உங்க நெஞ்சோட சேத்துக்கங்க. புள்ள திமிரும்!"

மகாபாத்ரா அரிசிப் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அதன் காதில் "சாப்பிட்டாச்சா?" என்றார் கனிவாக. பார்த்தவர்கள் கண்கலங்கிவிட்டோம். பூவராகன் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து, "மகா, ஒன்லி பேக்கப். நான் வந்துடுவேன்" என்றார்.

அன்றைக்கு எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே ஒரு தாய், அண்ணன் வருவாரா மாட்டாரா என்று தவித்துக்கொண்டிருப்பாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அம்புஜவல்லிக்கு நானே போன் போட்டேன். எண் எப்படிக் கிடைத்தது என்பது முக்கியமில்லை.

"அம்மா, ஒண்ணும் கவலப்படாதீங்க. அண்ணன் வராமப் போனாலும் மடி வந்துடும்."

"யாருங்க பேசறது?"

"நலம் விரும்பி. ஒரிசாக்காரரும்மா. தங்கமான மனுஷன். அரிசிப் பைய வெச்சுப் பயிற்சியெல்லாம் ஆயிடுச்சு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். சந்தோஷத்தில் கை நழுவிவிட்டது என்று நினைத்தேன்.

"அரிசிப் பையா?" என்றார் பிறகு. "என் அண்ணனே ஏற்பாடு பண்ணாரா?"

"அவரேதாம்மா. ரொம்பப் பொறுப்பான மனுஷன்."

"சரிங்க. அவரு மாத்து மாமன அனுப்பறாருன்னா, நான் மாத்துப் பொண்ண உக்கார வெக்கறேன். என் பொண்ணு மொகம் அவருக்குத் தெரியுதான்னு பாத்துடறேன். தெரிஞ்சா உறவு. தெரியலன்னா, இனிமே நல்லது கெட்டது எதுவானாலும் அவருக்கு நானும் ஆள் விட்டுத்தான் சொல்லி அனுப்புவேன்."

யோசனை முழுக்க அந்த அம்மாவுடையது, கவனியுங்கள். 'மொட்டை போட்டுவிட்டால் பிள்ளைகள் எல்லாம் ஒரே அச்சுதானே' என்று நான் ஒரு பொது அறிவுக்காகச் சொன்னேன், அவ்வளவுதான். பூவராகனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அண்ணன் தங்கைக்கு நடுவில் நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேனில் கிளம்பினோம். சுகந்தி, மகாபாத்ரா, நான். எனக்கு அழைப்பு இருந்ததா என்று கேட்காதீர்கள். மகாபாத்ராவுக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டாமா? எனக்கு ஒரிய மொழி தெரியாது, அது வேறு விஷயம். இங்கே செப்டிக் டேங்க் வேலையை மேற்பார்வை பார்க்கப் பூவராகன் தனக்கு மாற்றாக என்னைத்தான் போட்டிருந்தார். நான் எனக்கு மாற்றாக வாட்ச்மேனைப் போட்டுவிட்டு வேனில் ஏறினேன். வாட்ச்மேன் யாரைப் போட்டார் என்று விசாரிக்க நேரமில்லை.

விருத்தாசலம் தாண்டி வயலுக்கு நடுவில் ஒரு பச்சைவாழியம்மன் கோயில். வாசலில் சுதைக் குதிரைகள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மகிழினிக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். மகாபாத்ராவைப் பார்த்ததும் அவள் நேராக வந்து அவர் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது நெஜ மாமாவா? போன் மாமா இல்லையா?"

"சாப்பிட்டாச்சா?" என்றார் மகாபாத்ரா.

அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டுவிட்டாள். பாத்திர மாமா, பாத்திர மாமா என்று அவர் முதுகில் ஏறிக் குதிரையைத் தொட்டாள். அம்புஜவல்லி அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. மாமனைக் காணவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. காது குத்துகிற பத்தர் ஊசியைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனார்.

"நேரம் போவுதும்மா. அடுத்த ஊர்ல ஒரு காது காத்துக்கிட்டு இருக்கு."

மாமியார்க்காரம்மா, "அதான் நல்லா கட்டுமஸ்தா ஒரு மாமன அனுப்பியிருக்காரே, குத்துங்க பத்தரே" என்றார். என்ன குரல் தெரியுமா அது! ஊசியே தேவையில்லை, அந்தக் குரலிலேயே குத்தியிருக்கலாம். அம்புஜவல்லி சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

மகாபாத்ரா பயிற்சிப்படி சம்மணமிட்டார். முழங்கால் தரையில் படிந்திருந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. மகிழினி சிரித்துக்கொண்டே போய் மடியில் உட்கார்ந்தாள். பத்தர் வலது காதில் ஊசியை இறக்கினார்.

அந்தக் குழந்தை கத்திய கத்தலில் நெய்வேலிச் சுரங்கத்துக்குள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். அரிசிப் பை கத்தாதே! மகாபாத்ரா வெலவெலத்துப்போய் "சாப்பிட்டாச்சா! போதும்! கொஞ்சம் சாம்பார்!" என்று தெரிந்த தமிழையெல்லாம் கொட்டினார். பிடி தளர்ந்தது. குழந்தை துள்ளி எழுந்து, குத்தாத காதைக் கையால் பொத்திக்கொண்டு, அம்மா புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்தாள்.

அப்போதுதான் கார் வந்தது.

அம்புஜவல்லி ஒரே கணம்தான் யோசித்தார். மகளைத் தூக்கிக்கொண்டு குதிரைக்குப் பின்னால் போனார். பங்காளி வீட்டுப் பிள்ளை ஒன்று, ஓவியா என்று பெயர், அதற்கும் அன்றைக்குத்தான் மொட்டை. அதே உயரம், அதே சந்தனம், அதே மாதிரி பட்டுப்பாவாடை. அதைப் பாயில் உட்கார வைத்தார்கள்.

பூவராகன் ஓடிவந்தார். காரில் முன் சீட்டில் லேப்டாப் திறந்தபடியே இருந்தது, அதிலிருந்து யாரோ ஓர் அமெரிக்கர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் செருப்பை எங்கேயோ உதறிவிட்டு வந்து பாயில் சம்மணமிட்டு, ஓவியாவை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மகிழ் குட்டி! மாமா வந்துட்டேன் பாத்தியா! போன்ல பாத்ததுக்கு இப்ப எவ்ளோ வளந்துட்ட!"

சந்தனத் தலையில் முத்தம் கொடுத்தார். கண்ணில் தண்ணீர். மூக்கிலெல்லாம் சந்தனம். சுத்தமான பாசம், அதில் சந்தேகமே இல்லை. விலாசம்தான் தப்பு.

சுகந்தி வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்தர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். ஓவியா நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மாமா, நான் ஓவியா. எனக்குப் போன வருசமே குத்தியாச்சு."

இரண்டு காதையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கல் வைத்த கம்மல், வெயிலில் பளபளவென்று.

அம்புஜவல்லி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குதிரைக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"இவதாண்ணா மகிழினி. என் பொண்ணு. அறிமுகப்படுத்த ஒரு மாத்து ஆள் அனுப்பலாம்னு பாத்தேன், யாரும் கெடைக்கல."

பூவராகன் வாயைத் திறந்தார். 'ஓகே, பாக்கறேன்' என்றுதான் வரப்போகிறது என்று நான் நினைத்தேன். வரவில்லை. ஓவியாவை மெதுவாக இறக்கிவிட்டார். எழுந்திருக்கவில்லை. வெறும் மடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் போன் உறுமிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தார். அணைத்தார். அந்த நிமிஷத்திலிருந்து அமெரிக்காவில் ஒரு பல் பிடுங்கவில்லை ஐயா, ஒரு பல்!

"எனக்கு மொகம் தெரியல அம்புஜம்" என்றார். "தெரியல. அதுதான் நெசம்."

அம்புஜவல்லி அவரைப் பார்க்கவே இல்லை. பத்தரிடம், "இன்னொரு காதையும் அவர் மடியிலயே குத்தி முடிச்சுடுங்க" என்று மகாபாத்ராவைக் காட்டினார். முடிந்தது உறவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரயில் கிளம்பிவிட்டால் கார்டுக்குத் தெரியாதா?

மகாபாத்ரா பாவம், மறுபடி சம்மணமிட்டார். மகிழினி அவர் மடியைப் பார்த்ததும் வீறிட்டாள்.

"அந்த மடி வேணாம்! அந்த மடி வலிக்குது!"

"அப்ப யார் மடிடி வேணும்?"

குழந்தை இடுப்பிலிருந்து இறங்கிச் சுற்றிலும் பார்த்தாள். அவள் அப்பா மெல்லப் பின்வாங்கினார். என்னை அவள் பார்ப்பதற்குள் நான் எழுந்து நின்றுகொண்டேன். கடைசியில் பாயில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். கிட்டே போய் மூஞ்சியை உற்றுப் பார்த்தாள்.

"இது போன் மாமா. போன் மாமா மடி வலிக்காது."

யாரும் சொல்லாமல் அவளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தானே? அந்த மாமன் அவளுக்கு ஒருநாளும் வலி கொடுத்ததில்லை. வந்திருந்தால்தானே கொடுப்பதற்கு.

பூவராகன் இடது கையால் இடுப்பைப் பிடித்தார், வலது கையால் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். இவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பத்தர் ஊசியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் பூவராகன். குழந்தையிடம் குனிந்து, "குட்டி, இந்த மடியிலயும் வலிக்கும்" என்றார்.

"ரொம்பவா?"

"ரொம்ப. ஆனா மாமா விட மாட்டேன்."

இது யாராவது சொல்கிற பேச்சா? 'வலிக்காதுடா கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரி' என்றல்லவா சொல்ல வேண்டும்? நான் திருத்தலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன், சுகந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். குழந்தை யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருக்கும்போது பத்தர் குத்திவிட்டார்.

முதல் கத்தல் ஒன்றுமே இல்லை, இதுதான் கத்தல். கத்தினாள், உதைத்தாள், அவர் சட்டைப் பித்தானைப் பிய்த்தாள். கடைசியில் அவர் மணிக்கட்டைக் கவ்வி நறுக்கென்று கடித்தாள். அத்தனைக்கும் அவர் பிடி தளரவில்லை. ஒரு கையில் ரத்தம் கசிகிறது, கண்ணில் நீர் வழிகிறது, "விட மாட்டேன், விட மாட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பத்தர் கம்மலைத் திருகி முடித்தார்.

மகிழினி விசும்பிக்கொண்டே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு கோபம் அந்தக் கண்ணில்.

"போ! நீயும் நெஜ மாமாதான்!"

அம்புஜவல்லி குதிரைக் காலில் முகத்தை வைத்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால் சுகந்தி என் சட்டையை இன்னும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்புஜவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணன் எதிரில் நின்று, அவரே தன் வாயால் சொன்னார்:

"கையக் கழுவிட்டு வாண்ணா. எல போட்டாச்சு."

அவ்வளவுதான் ஐயா.

நாங்கள் திரும்பி வந்தபோது இங்கே கார் நிறுத்துகிற இடத்தில் முழங்கால் அளவுக்கு நின்றது. என்ன நின்றது என்று கேட்காதீர்கள். பழைய மோட்டாரைக் கழற்றியிருந்தார்கள், புதியதை மாட்ட யாரும் இல்லை. வாட்ச்மேன் வைத்த மாற்று ஆள், ஏ பிளாக் நாய்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். சங்கத்தில் எல்லாரும் பூவராகன் மேல் பாய்ந்தார்கள். அன்றைக்குத்தான் இந்தக் கட்டடத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து 'முடியாது' வந்தது. செயலாளர் வேலை இனி முடியாது என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். ஆபீஸிலும் ஏதோ சத்தம் போட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் மறுநாள் பிடுங்கிக்கொண்டார்கள். ஒருவரும் சாகவில்லை. அவருக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

இப்போது விருத்தாசலத்தில் தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்து, அங்கே உட்கார்ந்தே அமெரிக்காவுக்குப் பல் பிடுங்குகிறார். சாயங்காலம் ஆனால் லேப்டாப்பை மூடிவிட்டு சுகந்தியோடு நடக்கிறாராம். கேள்விப்பட்டதுதான், நான் நேரில் பார்க்கவில்லை. ஒருதடவை போனேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் இல்லை என்று அவரே சொன்னார்.

எனக்கு உள்ளதெல்லாம் ஒரே ஒரு வருத்தம். காலி செய்துகொண்டு போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். மோட்டார் போடுகிறவரைக் கட்டிப் பிடித்தார். நாய்க்குக்கூடத் தலையைத் தடவினார். என்னைப் பார்த்துத் தூரத்திலிருந்தே இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டார். அது வணக்கம் சொல்கிற கும்பிடு இல்லை, 'போதும்' என்கிற கும்பிடு. நான் என்ன செய்தேன்? கையைத் தூக்கிவிட்டேன், பயிற்சி கொடுத்தேன், தங்கைக்கு ஆறுதல் சொன்னேன். நன்மையைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. காலம் அப்படி.

அதோ, புரோக்கர் வருகிறார். போய் வீட்டைப் பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் நான் சொன்னேன் என்று தெரிந்தால், நான் மற்றவர் விஷயத்தில் தலையிடுகிறவன் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்கள். யார் சொன்னது என்று கேட்டால், லிஃப்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள், காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டடத்தில் எல்லாச் செய்தியும் அங்கேதான் பிறக்கிறது, லிஃப்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.